கழுவப்பட்ட காசு: விக்டோரியா நாணயங்களும் நம் மக்களும்

போன மாதம் சென்னையில் பழைய நாணயங்கள் விற்கும் கண்காட்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். ஒரு மேசையில் விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய்கள் பிளாஸ்டிக் உறைக்குள் வரிசையாக இருந்தன. ஓரத்தில் ஒரு தட்டில் உறையில்லாமல் ஒரு குவியல் கிடந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். 1877-ஆம் ஆண்டு ரூபாய். ராணியின் கிரீடத்துக்கு மேலே விளிம்பில் வளையம் பற்றவைத்துப் பிடுங்கிய தழும்பு. மூக்கு தேய்ந்து மழுங்கியிருந்தது.

"அது கழுத்துல போட்ட காசு சார். வளையம் பத்த வச்சதுக்கு மதிப்பு கெடையாது. சேகரிக்கிறவங்க தொடமாட்டாங்க. வெள்ளி வெலைக்கே எடுத்துக்கங்க" என்றார் வியாபாரி. நான் எடுத்துக்கொண்டேன். பொட்டலம் கட்டும்போது இன்னொன்றும் சொன்னார். "வீட்டுக்குப் போய் புளி போட்டுத் தேச்சிடாதீங்க. கழுவினா காசு செத்துடும்."

நாணயம் சேகரிப்பவர்களுக்கு இது முதல் பாடம். நூறு ஆண்டுகளில் உலோகத்தின் மேல் படியும் நிறம்தான் அந்தக் காசு உண்மையானது, கெடாதது என்பதற்குச் சாட்சி. கழுவித் தேய்த்தால் அது போய்விடும். விலையும் பாதியாகிவிடும்.

எனக்கு என் ஆயா ஞாபகம் வந்தது. சிறுமியாக இருந்தபோது ஊர்க் கடைக்கு உப்பு வாங்கப் போவாராம். கடைக்காரர் கையில் காசு வாங்கமாட்டார். தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அவர் தண்ணீர் தெளித்து, பிறகு எடுத்துக் கல்லாவில் போடுவார். உப்பும் தூரத்திலிருந்தே விழும். ஆயா ஒருவருடைய அனுபவம் மட்டுமல்ல இது. இந்தியா முழுக்க எத்தனையோ ஊர்களில் நம் மக்கள் கைபட்ட காசு கழுவப்பட்டுத்தான் கல்லாவுக்குப் போனது.

கழுவினால் செத்துப்போகும் அதே காசு, நாம் தொட்டதால் கழுவப்பட்ட காசாகவும் இருந்தது. விக்டோரியா நாணயங்களைப் பற்றி ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. எந்த ஆண்டு எத்தனை அச்சடித்தார்கள், எந்த அச்சுச் சாலை, எந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்றெல்லாம் இருக்கும். அந்தக் காசு யார் கைக்குப் போனது, யார் கைக்குப் போகவில்லை என்பது மட்டும் அதில் இருக்காது. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

சேகரிப்பவர்கள் எதைத் தேடுகிறார்கள்?

விக்டோரியா 1837-இல் பட்டத்துக்கு வந்து 1901-இல் இறந்தார். 63 ஆண்டுகளுக்கு மேல் ஒரே ராணி என்பதால், பிரிட்டிஷ் நாணயம் சேகரிப்பவர்களுக்கு அவருடைய காலம் ஒரு தனி உலகம். அவர் முகம் நாணயத்தில் மூன்று பருவங்களாக மாறியது. முதலில் வில்லியம் வயன் செதுக்கிய இளம் முகம். 1887-இல் ஆட்சியின் பொன்விழாவுக்கு ஜோசப் எட்கர் போம் செய்த முகம். அதில் தலையில் சின்னஞ்சிறு கிரீடம் ஒட்டவைத்ததுபோல் இருந்ததால் பலர் கேலி செய்தார்கள். 1893-இல் தாமஸ் பிராக் செய்த, முக்காடு போட்ட முதிய முகம். மூன்றையும் சேர்த்து வைத்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுவதும் உள்ளங்கையில் தெரியும்.

ஒவ்வொரு காசுக்கும் ஒரு கதை உண்டு. 1847-இல் வந்த 'காதிக்' கிரௌன் சுமார் 8,000 மட்டுமே அச்சடிக்கப்பட்டது. பேரழகு என்று சொல்வார்கள், விலையும் அப்படி. 1849-இல் இரண்டு ஷில்லிங் மதிப்புள்ள புளோரின் வந்தபோது 'இறையருளால்' என்ற வழக்கமான வாசகம் விட்டுப்போனது. மக்கள் கொதித்தார்கள். 'கடவுளில்லாத புளோரின்' என்று பெயர் வைத்தார்கள். 1887-இல் வந்த ஆறு பென்ஸ் வெள்ளிக்காசு அரைப் பவுன் தங்கக்காசு மாதிரியே இருந்தது. தங்க முலாம் பூசி ஏமாற்றத் தொடங்கியதும் அரசு அவசரமாக அந்த வடிவத்தை நிறுத்தியது. 1860-இல் கனமான செப்புப் பென்னியை ஒழித்து மெல்லிய வெண்கலப் பென்னி கொண்டுவந்தார்கள். அதில் ராணி கூந்தலை முடிந்திருப்பதால் சேகரிப்பவர்கள் அதைக் கொண்டைப் பென்னி என்கிறார்கள்.

இந்தியாவுக்கு அடித்த ரூபாயிலும் ராணி முகம்தான். 1840-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்ட ரூபாயில் கிரீடமில்லாத தலை. 1858-இல் நாடு நேரடியாக ராணியின் ஆட்சிக்குக் கீழ் போனபின், 1862 முதல் கிரீடம் வைத்த உருவம். 1862 என்ற ஆண்டையே மாற்றாமல் 1874 வரை அடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் காசின் பின்பக்கம் உள்ள சிறு புள்ளிகளை எண்ணி எந்த ஆண்டு அடித்தது என்று கண்டுபிடிப்பது சேகரிப்பவர்களுக்கு ஒரு விளையாட்டு. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். லண்டன் காசில் ராணிக்கு வயதானது. இந்திய ரூபாயில் அவர் சாகும்வரை இளமையாகவே இருந்தார்.

சேகரிப்பவர்களின் தராசில் மிக உயர்ந்த இடம் புழங்காத காசுக்கு. அச்சுச் சாலையிலிருந்து வந்தபடியே, யார் கையும் படாமல், ரேகை பதியாமல் இருக்க வேண்டும். பஞ்சு உறை மாட்டிக்கொண்டு விளிம்பைப் பிடித்துத்தான் எடுப்பார்கள். கைபடக் கைபட மதிப்பு இறங்கும். இந்தத் தராசில் தவறு ஒன்றும் இல்லை, அது அந்தக் கலையின் விதி. ஆனால் வரலாற்றுக்கு அந்த விதி தலைகீழ். யார் கையும் படாத காசுக்கு வரலாறு கிடையாது. தேய்ந்த காசுதான் பேசும்.

படியாளும் பென்னியும்

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் முதலாளிகள் தொழிலாளிக்குக் காசாகக் கூலி கொடுக்காமல், தங்கள் சொந்தக் கடைச் சரக்காகவும் வில்லைகளாகவும் கொடுத்தார்கள். வில்லையை அந்த முதலாளி கடையில்தான் மாற்ற முடியும். விலை அவர் வைத்ததுதான். இந்தக் கொடுமைக்கு எதிராகத் தொழிலாளர்கள் போராடினார்கள். 1831-இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி குறிப்பிட்ட தொழில்களில் கூலியை நாட்டின் செல்லுபடியாகும் நாணயத்தில்தான் கொடுக்க வேண்டும். 1887-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி உடலுழைப்புத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கும் விரிவாக்கினார்கள். ராணியின் பொன்விழாக் காசு வந்த அதே ஆண்டு.

காசாகக் கூலி வாங்குவது ஏன் அவ்வளவு முக்கியம்? காசை எந்தக் கடையிலும் கொடுக்கலாம். சேர்த்து வைக்கலாம். ரயிலேறி வேறு ஊருக்குப் போகலாம். நெல்லைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் ஓட முடியாது.

அதே ராணியின் ஆட்சியில் இங்கே நம் மக்களுக்கு என்ன பெயர்? பண்ணையாள், படியாள். படியால் அளந்து கூலி வாங்குபவர் படியாள். கூலியின் வடிவமே அவருக்குப் பெயரானது. 1843-இல் ஒரு சட்டம் போட்டு, இந்தியாவில் அடிமைமுறைக்கு இருந்த சட்ட அங்கீகாரத்தை நீக்கினார்கள். அடிமையை விற்பதும் நீதிமன்றத்தில் உரிமை கோருவதும் முடியாமல் போனது. ஆனால் கடன் இருந்தது. கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சில ரூபாய்க்காக ஒரு குடும்பமே மிராசுதாரிடம் கட்டுண்டு கிடந்தது. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் இந்தக் கட்டுண்ட வாழ்க்கையையும், நிலம் கிடைக்காமல் பறையர் மக்கள் தடுக்கப்பட்ட விதத்தையும் எழுதினார். 1892-இல் தொடங்கிய பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு அதுதான் அடிப்படை.

கணக்கைப் பாருங்கள். கடன் வெள்ளி ரூபாயில். கூலி நெல்லில். நெல்லைச் சாப்பிட்டுத் தீர்க்கத்தான் முடியும், சேர்த்துக் கடனை அடைக்க முடியாது. ராணி தலை போட்ட ரூபாய் படியாள் வீட்டுக்குள் வந்தது கூலியாக அல்ல, விலங்காக.

இங்கிலாந்துத் தொழிலாளிக்கு 1831-இல் கிடைத்த உரிமை இந்தியாவில் 1936-இல்தான் கூலி கொடுப்புச் சட்டமாக வந்தது. அதுவும் முதலில் தொழிற்சாலைகளுக்கும் ரயில்வேக்கும்தான். வயலில் நின்றவர்கள் அதற்குள் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்களே, அந்தத் தகராறின் மையத்தில் இருந்ததும் நெல்லாக அளந்த கூலிதான். ராணி இறந்து 67 ஆண்டுகள் ஆகியும் அளக்கும் படி மாறவில்லை.

பேரரசியின் ரூபாய்

நான் வாங்கிவந்த 1877 ரூபாய்க்கு வருகிறேன். 1876 வரை அடித்த ரூபாய்களில் 'விக்டோரியா ராணி' என்று ஆங்கிலத்தில் இருக்கும். 1877 முதல் 'விக்டோரியா பேரரசி'. சேகரிப்பவர்கள் இதை இரண்டு தனி வகையாகப் பிரித்து வைப்பார்கள். ஒரு சொல் மாற்றம், அவ்வளவுதான் அவர்களுக்கு.

அந்தச் சொல் மாறிய விதம் இது. 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு ஒரு பெரிய தர்பாரைக் கூட்டி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார். ராஜாக்கள், நவாபுகள், யானைகள், விருந்துகள். அதே நாளில் சென்னை மாகாணத்தில் மக்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்கள். 1876-இல் பருவமழை பொய்த்துத் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் அது. 1878-இல் பஞ்சம் ஓய்வதற்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்று கணக்கிடப்படுகிறது.

தர்பார் நடந்த அதே மாதம் லிட்டன், செலவைக் குறைக்கச் சொல்லி ரிச்சர்ட் டெம்பிளைச் சென்னைக்கு அனுப்பினார். நிவாரண வேலைக்கு அவர் வைத்த கூலி, ஆண் ஒருவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடவே ஒரு அணா. ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இன்னும் குறைவு. இதற்கு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இந்த அளவில் உழைப்பவன் உயிர் வாழ முடியாது என்று கடுமையாக எதிர்த்தார். மார்ச் மாதத்தில் கொஞ்சம் கூட்டினார்கள். அதற்குள் போன உயிர் போனதுதான்.

சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி 1877-78 பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு அணா ஞாபகம் வரும். ஒரு ரூபாய்க்கு 16 அணா. பேரரசி என்று பெயர் பொறித்த ஒரே ஒரு வெள்ளி ரூபாயைக் காண, ஒருவர் 16 நாள் பட்டினியோடு மண் சுமக்க வேண்டும், ஒரு அணாவையும் செலவழிக்காமல்.

பஞ்சத்தில் முதலில் சாவது யார்? நிலமில்லாதவர், சேமிப்பில்லாதவர், கூலி நெல்லை நம்பியவர். விளைச்சல் இல்லையென்றால் அளக்கவும் ஆளில்லை. சேரிகள்தான் முதலில் காலியாயின. 1877 ரூபாயைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பவர்கள் அதன் கீழே இந்த நாலு வரியையும் எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

ரூபாயைப் படித்தவர்

விக்டோரியா ரூபாயை வைத்து இந்தியாவில் மிக ஆழமான ஆராய்ச்சி செய்தவர்களில் ஒருவர் நம்மவர். அண்ணல் அம்பேத்கரின் 'ரூபாயின் பிரச்சினை' 1923-இல் லண்டனில் நூலாக வந்தது. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் அவர் டி.எஸ்சி. பட்டத்துக்காகச் செய்த ஆய்வு அது. பேராசிரியர் எட்வின் கேனன் முன்னுரை எழுதினார்.

விஷயம் இதுதான். இந்திய ரூபாய் வெள்ளி, இங்கிலாந்தின் பவுன் தங்கம். 1870-களிலிருந்து உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்தது. இரண்டு ஷில்லிங் அளவுக்கு இருந்த ரூபாயின் மதிப்பு விழுந்துகொண்டே போனது. அதுவரை யார் வேண்டுமானாலும் வெள்ளிக் கட்டியை அச்சுச் சாலைக்குக் கொண்டுபோய் ரூபாயாக அடித்து வாங்கலாம். 1893-இல் ஹெர்ஷல் குழுவின் பரிந்துரைப்படி அந்தக் கதவை மூடினார்கள். பிறகு ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் நாலு பென்ஸ், அதாவது 15 ரூபாய்க்கு ஒரு பவுன் என்று நிலைநிறுத்தினார்கள். அதன்பின் ரூபாய் தன் வெள்ளியைவிடக் கூடுதல் மதிப்பைச் சுமந்த அடையாளக் காசானது. எவ்வளவு அடிப்பது என்பது அரசின் கையில் போனது.

அம்பேத்கர் கேட்டது, அந்த அதிகாரத்துக்குக் கடிவாளம் எங்கே என்பதுதான். அரசு இஷ்டத்துக்கு ரூபாயை அடித்துவிட்டால் விலைவாசி ஏறும். விலை ஏறும் வேகத்தில் கூலி ஏறாது. லாபம் வியாபாரிக்கும் முதலாளிக்கும், நட்டம் கூலிக்காரருக்கு. ஆகவே ரூபாய் வெளியீட்டுக்குச் சட்டத்தால் உச்சவரம்பு வேண்டும் என்றார். 1925-இல் ஹில்டன் யங் ஆணையத்தின் முன்னும் சாட்சியம் சொன்னார். ரூபாயின் வெளி மதிப்பைப் பற்றி மற்றவர்கள் சண்டை போட்டபோது, உள்ளூர்க் கடையில் அந்த ரூபாய் எவ்வளவு அரிசி வாங்கும் என்று கேட்டவர் அவர். பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொட அனுமதிக்கப்படாத ஒரு சிறுவன், பேரரசின் நாணயத்தையே எடுத்துப் புரட்டிப் பார்த்து அதன் கோளாறைச் சொன்னான். நாணயவியல் மேசைகளில் இந்தப் புத்தகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

சவரன் எங்கிருந்து வந்தது?

தங்கம் விலை தினமும் செய்தியில் வருகிறது. சவரனுக்கு இவ்வளவு என்று. சவரன் என்பது பிரிட்டிஷ் 'சாவரின்' தங்கக்காசு. எடை 7.988 கிராம், 22 காரட். அதைத்தான் 8 கிராம் என்று முழுசாக்கிக்கொண்டோம். விக்டோரியா காலத்தில் லண்டனோடு சிட்னி, மெல்போர்ன், பெர்த் அச்சுச் சாலைகளிலும் அடித்தார்கள். எங்கே அடித்தது என்று சொல்லும் சிறு எழுத்தைத்தான் சேகரிப்பவர்கள் பூதக்கண்ணாடியில் தேடுவார்கள். 1899-இல் இந்தியாவிலும் 15 ரூபாய் மதிப்பில் செல்லுபடியாகும் என்று சட்டம் வந்தது. அந்தக் காசு போய்விட்டது. பெயர் மட்டும் நம் கல்யாணப் பேச்சில் நிற்கிறது.

இந்தத் தங்கத்துக்கும் நமக்கும் என்ன தொடர்பு? கோலார் தங்க வயல். 1880-களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனத்தின் நிர்வாகத்தில் சுரங்கங்கள் ஆழமாயின. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து போய் பூமிக்கடியில் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ் பேசும் தலித் மக்கள். அவர்கள் எடுத்த தங்கம் கப்பலேறி லண்டனுக்குப் போனது. சுரங்கத்திலிருந்து மேலே வரும்போது உடம்பைச் சோதித்துத்தான் வெளியே விட்டார்கள். பாறை வெடித்து இறந்தார்கள், தூசி நுரையீரலை அரித்து இறந்தார்கள். 1930-இல் கைரேகைப் பதிவுக்கு எதிராகப் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள்.

ஆனாலும் படியாளாக இருந்த ஊரைவிட்டு மக்கள் ஏன் அந்த இருட்டுக்குள் போனார்கள்? அங்கே கூலி காசாக வந்தது. காசு வந்த இடத்தில் பள்ளி வந்தது, பௌத்த சங்கம் வந்தது, அச்சகம் வந்தது. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்சிலும் நம் மக்கள் நடத்திய இயக்கம் சுரங்கக் கூலியில் வளர்ந்தது. சுரங்கத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. சுரங்கத்தைவிட ஊர் கொடுமையாக இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

தங்கத்தை எடுக்க நம் கை வேண்டும். அணிய மட்டும் கூடாது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். முதல் தடையே தங்க, வெள்ளி நகை அணியக்கூடாது என்பதுதான். மண்பாத்திரம் தவிர வேறு கூடாது, பெண்கள் மேலாடை போடக்கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது என்று அது நீளும். இந்தூர்ப் பக்கம் பலாய் மக்களுக்கு 1928-இல் விதிக்கப்பட்ட இதே மாதிரித் தடைகளை அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் எடுத்துக்காட்டுகிறார். அங்கும் தங்கமும் வெள்ளியும் தடை.

இப்போது என் கையில் இருக்கும் வளையத் தழும்புக் காசைப் பாருங்கள். வங்கி இல்லாத, நிலம் இல்லாத குடும்பத்துக்கு வெள்ளிக்காசுதான் சேமிப்பு. அதற்கு வளையம் பற்றவைத்துக் கழுத்தில் போட்டால் அதுவே நகை, அதுவே வங்கி. மழை பொய்த்தால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். இந்தக் காசு யார் கழுத்தில் கிடந்தது என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. நம் பெண் ஒருத்தி இதைப் போட்டிருந்தால், அந்தத் தழும்பு ஒரு சட்டமீறல். சந்தையில் மதிப்பைக் குறைக்கும் அந்தத் தழும்புதான் எனக்கு அந்தக் காசிலேயே விலை உயர்ந்த இடம்.

தடை போட்ட காலம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். 1995-இல் கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்து, வெளிநாட்டில் உழைத்து நிமிர்ந்த வீடுகளின் பொருட்களை நொறுக்கியது. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடி எரிக்கப்பட்டன. பெங்களூரில் கூலி வேலை செய்து சேர்த்த நகையும் பணமும் போயின. எதைக் குறிவைத்தார்கள் என்று பார்த்தால் அந்த எட்டுத் தடைகளில் முதலாவது இன்னும் உயிரோடு இருப்பது தெரியும்.

ஒரு பைசா

கடைசியாகச் செம்பு. ஒரு ரூபாய்க்கு 64 பைசா. ஒரு பைசா என்றால் காலணா. விக்டோரியா தலை போட்ட செப்புக் காலணாக்கள் இன்றைக்கும் கண்காட்சியில் டப்பாவில் கொட்டிக் கிடக்கும், பொறுக்கிக்கொள்ளலாம். அவ்வளவு அடித்தார்கள், அவ்வளவு தேய்ந்தன. ஏழைகளின் கையில் அதிகம் புழங்கியது இதுதான்.

1907 ஜூனில் சென்னை இராயப்பேட்டையிலிருந்து பண்டிதர் அயோத்திதாசர் ஒரு வார இதழைத் தொடங்கினார். விலை ஒரு பைசா. பெயரும் அதுதான்: 'ஒரு பைசாத் தமிழன்'. அடுத்த ஆண்டு 'தமிழன்' என்று பெயர் மாறியது. 1914-இல் அவர் இறக்கும்வரை தொடர்ந்து நடத்தினார். அப்போது ஏழாம் எட்வர்டின் ஆட்சி, ஆனால் விக்டோரியா காலணாக்கள் மக்கள் கையில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கோலார் சுரங்கத் தொழிலாளர்களும் அந்த இதழைத் தாங்கினார்கள்.

இதழுக்கு நாணயத்தின் பெயரை வைத்ததில் ஒரு தெளிவு இருக்கிறது. யார் படிக்க வேண்டும் என்று நினைத்தாரோ அவர் கையில் என்ன காசு இருக்கும் என்று அவருக்குத் தெரியும். கடைக்காரன் தண்ணீர் தெளித்து எடுத்த அதே காலணாவை, இங்கே கையிலிருந்து கைக்கு வாங்கிக்கொண்டு ஒரு பத்திரிகை கொடுத்தார்கள். அந்தக் காசை யாரும் கழுவவில்லை.

சேர்ப்போம், எழுதி வைப்போம்

நாணயம் சேர்ப்பது பணக்காரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம் தோழர்களே. நம் வீட்டு அரிசிப் பானைக்குள், பழைய டிரங்குப் பெட்டிக்குள் ஒன்றிரண்டு காசு இருக்கும். நான் கேட்டுக்கொள்வது சில காரியங்கள்தான்.

கழுவாதீர்கள், உருக்கிவிடாதீர்கள். காகித உறையில் போட்டு, அது யாருடையது, எந்த வேலையில் வந்தது, எந்த ஊர் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். வளையம் இருந்தால் வெட்டாதீர்கள். நூறு ஆண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

மண் வெட்டும் வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். விக்டோரியா காலத்திலேயே, 1878-இல் வந்த புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் குற்றம். ஆனால் உரிமை கோரி யாரும் வராவிட்டால், வேறு ஒப்பந்தமும் இல்லாவிட்டால், நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கு, ஒரு பங்குதான் நிலத்துக்காரருக்கு. அரசு அதைத் தானே எடுத்துக்கொண்டால் விலை கொடுக்க வேண்டும். 'என் நிலத்தில் கிடைத்தது, வை கீழே' என்று யாராவது அதட்டினால் இந்தச் சட்டத்தைச் சொல்லுங்கள். இங்கே கண்டெடுத்த கைக்குத்தான் பெரிய பங்கு.

அந்த 1877 ரூபாய் இப்போது என் மேசையில் இருக்கிறது. பஞ்சு உறை போட்டு எடுப்பதில்லை. வீட்டுக்கு வரும் பிள்ளைகள் கையில் கொடுக்கிறேன். தொட்டுப் பார்க்கட்டும், தேயட்டும்.

ஜெய்பீம்!